தோற்றது குதிரை, குற்றவாளி யார்?

பந்தய நாளன்று மாலையில் பெங்களூர் ரேஸ் கோர்ஸ் வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். கூட்டம் கலைந்து மெஜஸ்டிக் பக்கமாக நடக்கும். கிழித்துப் போட்ட டிக்கெட்டுகள் காலடியில் மிதிபடும். கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் என்று நான்கு மொழிகளிலும் பேச்சுக் கேட்கும். மொழிகள்தான் நான்கு. பேச்சு ஒன்றே: "குதிரை நல்ல குதிரைதான். ஜாக்கிதான் இழுத்துவிட்டான்."

இந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வந்தவர், கட்டிட வேலைக் கூலி வாங்கி வந்தவர், அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்த குமாஸ்தா என்று பல தரப்பினரும் உண்டு. போட்ட பணம் உழைத்த பணம். ஆகவே அவர்கள் அடிவயிற்றிலிருந்து எழுப்பும் அந்தப் புகாரை, "சூதாடியின் புலம்பல்" என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அது நியாயமான புகாரா, குற்றம் யாருடையது என்று நிதானமாக ஆராய்வதே முறை.

மூன்றும் ஒன்றல்ல

ஜாக்கி தவறே செய்யமாட்டார் என்று யாரும் வாதாட முடியாது. ஸ்டார்ட்டிங் கேட் திறந்ததும் சுதாரிக்காமல் இரண்டு மூன்று நீளத்தை இழந்துவிடும் ஜாக்கி உண்டு. தொடக்கத்திலேயே குதிரையை விரட்டி, கடைசி இருநூறு மீட்டரில் அதை மூச்சுத் திணற வைப்பவர் உண்டு. ஓரத்து வேலியையொட்டி மற்றக் குதிரைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வழி கிடைக்காமலே பந்தயத்தை முடிப்பவர் உண்டு. வென்றுவிட்டோம் என்று எண்ணிக் கம்பத்துக்கு முன்பே கையைத் தளர்த்தி, மூக்கு நுனியில் தோற்றவர்களும் உண்டு. இவையெல்லாம் உலகம் முழுவதும் நடப்பவை.

ஆனால் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "இழுத்துவிட்டான்" என்று பெயர் சூட்டுவது தவறு. ஓட்டலில் ஒரு சர்வர் கை தவறிக் காபியைக் கொட்டிவிடுகிறார். இன்னொருவர் பில்லைக் கூட்டுவதில் தப்புச் செய்கிறார். மூன்றாமவர் கல்லாவில் கை வைக்கிறார். முதலாளிக்கு மூன்றிலும் நஷ்டம்தான். அதற்காக மூவரையும் திருடர் என்று போலீசில் ஒப்படைப்பாரா?

ஜாக்கியின் விஷயமும் அதுவே. கவனக்குறைவு ஒன்று. கணிப்புத் தவறு ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே குதிரையைத் தோற்கடிக்கும் மோசடி ஒன்று. முதலாவதற்குக் கண்டிப்பும் அபராதமும் போதும். இரண்டாவது, மனிதன் செய்கிற எந்தத் தொழிலிலும் உள்ளது. மூன்றாவதுதான் குற்றம். அதைச் செய்தவருக்குப் பந்தய மைதானத்தில் இடமே இருக்கக் கூடாது. ஆனால் மைதானத்தின் மலிவுப் பகுதியில் நின்று, கால் மைலுக்கு அப்பால் ஓடும் குதிரையைப் பார்த்து, மூன்றில் எது நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

எப்சம் மைதானத்து வழக்கு

ஜாக்கியைக் குற்றம் சாட்டுவது எவ்வளவு எளிது, தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு பந்தயம் நல்ல சான்று. குதிரைப் பந்தய உலகம் இன்றும் விடாமல் பேசும் பந்தயம் அது.

1986-ம் ஆண்டு ஜூன் மாதம். எப்சம் மைதானத்தில் டெர்பி. "டான்சிங் பிரேவ்" என்ற குதிரைதான் ஃபேவரிட். அதற்கு முந்திய மாதம்தான் அது "இரண்டாயிரம் கினி" பந்தயத்தை வென்றிருந்தது. அதன் மீது ஏறியவர் கிரெவில் ஸ்டார்க்கி. அனுபவம் மிக்க ஜாக்கி. ஒன்றரை மைல் தூரம், அதாவது ஏறக்குறைய 2,400 மீட்டர், அந்தக் குதிரைக்குத் தாங்குமா என்ற ஐயம் இருந்தது. ஆகவே தொடக்கத்தில் அதன் சக்தியைச் செலவிடாமல், பின்னால் அடக்கி வைத்து ஓட்டினார்.

எப்சம் சாதாரண மைதானம் அல்ல. முதலில் மேடு ஏறும். பிறகு பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இடப்பக்கம் வளையும். நேர்ப்பாதைக்கு வந்த பிறகும் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். நேர்ப்பாதையில் திரும்பியபோது டான்சிங் பிரேவ் வெகு பின்னால் இருந்தது. ஸ்டார்க்கி அதை வெளிப்பக்கம் கொண்டு வந்து விரட்டினார். குதிரை புயலாகப் பாய்ந்தது. ஒவ்வொன்றாக எல்லாக் குதிரைகளையும் தாண்டியது, ஒன்றைத் தவிர. வால்டர் ஸ்வின்பர்ன் ஓட்டிய "ஷாரஸ்தானி" அரை நீளத்தில் வென்றுவிட்டது.

அன்று மாலையிலிருந்து ஸ்டார்க்கியின் மீது வசை மழை பொழிந்தது. "இவ்வளவு பின்னால் யார் நிறுத்தச் சொன்னார்கள்? உலகின் சிறந்த குதிரையை வைத்துக்கொண்டு டெர்பியைத் தொலைத்துவிட்டார்" என்று பேசினார்கள். எத்தனையோ பெரிய பந்தயங்களை வென்றவர் அவர். ஆனால் 2010-ல் அவர் மறையும் வரையிலும், மறைந்த பின்னரும், அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த ஒரு தோல்விதான்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1978-ல், இதே ஸ்டார்க்கி, இதே எப்சமில், இதே டெர்பியை வென்றவர். "ஷெர்லி ஹைட்ஸ்" என்ற குதிரையைப் பின்னாலிருந்து கொண்டுவந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த குதிரையைக் கடைசிச் சில அடிகளில் எட்டிப் பிடித்து, ஒரு தலை நீளத்தில் வென்றார். அன்று அதே தாமதத்துக்குப் பெயர் "பொறுமை".

இன்னொரு விந்தையும் உண்டு. 1986 அக்டோபரில் பாரிஸ் நகரின் லாங்ஷாம் மைதானத்தில் ஆர்க் பந்தயம். அதே டான்சிங் பிரேவ். ஆனால் ஏறியிருந்தவர் பாட் எடரி. அவரும் குதிரையைப் பின்னாலேயே வைத்திருந்தார். கடைசி நேரத்தில் வெளிப்பக்கம் கொண்டுவந்து விரட்டினார். குதிரை எல்லாரையும் முந்திப் போய் வென்றது. ஷாரஸ்தானி நான்காவதாக வந்தது. எடரியை உலகம் மேதை என்று கொண்டாடியது.

ஒரே குதிரை. ஒரே வகையான ஓட்டம். தோற்றபோது முட்டாள்தனம்; வென்றபோது மேதைத்தனம். எப்சமில் ஸ்டார்க்கி கணக்கில் தவறியது உண்மையே. மேடும் பள்ளமுமான அந்த மைதானத்தில் அவ்வளவு இடைவெளி விட்டது பெரிய தவறு என்று பலரும் சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடையில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டெர்பிக்கு அடுத்த மாதமே, சாண்டௌன் மைதானத்தில் எக்லிப்ஸ் பந்தயத்தில் அதே குதிரையை நான்கு நீளத்தில் வெற்றி பெற வைத்தவரும் ஸ்டார்க்கிதான். அந்த வெற்றியை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

முடிவைப் பார்த்துவிட்டு ஓட்டத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். இதுவே நாம் செய்யும் முதல் பிழை.

ஆணையிட்டவர் எங்கே?

ஜாக்கி குதிரை மேல் இருப்பது ஒன்று, ஒன்றரை நிமிடம். நீண்ட பந்தயமானால் இரண்டரை நிமிடம். அதற்கு முன்னால் பல மாதங்கள் அந்தக் குதிரை வேறு பலர் கையில் இருக்கிறது.

சொந்தக்காரர் வாங்குகிறார். டிரெயினர் பழக்குகிறார். விடியற்காலையில் எவ்வளவு ஓட வேண்டும், என்ன தின்ன வேண்டும், எந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே. லாயத்தில் இருந்து கவனிப்பவர் குதிரைக்காரர். குதிரையின் காலில் சிறு வீக்கம் கண்டாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். ஜாக்கிக்குச் சில சமயம் அந்தக் குதிரை அன்றைக்குத்தான் அறிமுகம்.

ஹாண்டிகாப் பந்தயமானால் இன்னொரு சங்கதி. முன்பு நன்றாக ஓடிய குதிரைக்குக் கூடுதல் எடை. சுமாராக ஓடியதற்குக் குறைந்த எடை. ஜாக்கியின் உடல் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்க்கிறார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே வரிசையில் வந்து முடிய வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். போன வாரம் ஜெயித்த குதிரை இந்த வாரம் தோற்றால், ஏற்றிய எடை தன் வேலையைச் செய்தது என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் மைதானத்தில் நிற்பவர் போன வாரத்து வெற்றியைப் பார்க்கிறாரே தவிர, இந்த வாரத்து எடையைப் பார்ப்பதில்லை.

இத்துடன் மழையில் நனைந்த தரை, புறப்படும் வரிசையில் கிடைத்த இடம், முன்னால் ஓடும் குதிரை வைக்கும் வேகம் ஆகியவையும் சேருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரைக்கும் ஒரு மனம் இருக்கிறது. அது இயந்திரம் அல்ல. ஒரு நாள் அது ஓட விரும்பவில்லை என்றால், ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள மனிதன் நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியை என்ன செய்துவிட முடியும்? "ஏன் அடிக்கவில்லை?" என்று கூச்சல் போடுகிறார்கள். இன்று பல நாடுகளில் சவுக்கு எத்தனை முறை வீசலாம் என்பதற்கே வரம்பு இருக்கிறது. மீறினால் ஜாக்கிக்குத்தான் தண்டனை.

பந்தயம் தொடங்குமுன் குதிரைகளைச் சுற்றிக் காட்டும் வட்டத்தில் டிரெயினரும் சொந்தக்காரரும் ஜாக்கியோடு பேசுவார்கள். எப்படி ஓட்ட வேண்டும், முன்னால் போக வேண்டுமா, பின்னால் காத்திருக்க வேண்டுமா என்ற கட்டளை அங்கேதான் பிறக்கிறது. கட்டளைப்படி ஓட்டித் தோற்றால், கட்டளையிட்டவர் பெயர் வெளியே வராது. கட்டளையை மீறி ஓட்டித் தோற்றால், அடுத்த முறை அந்த லாயத்துக் குதிரை கிடைக்காது. ஜாக்கியின் நிலை இதுதான்.

நம் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் கோப்பு எப்படி நகர்கிறது என்பது நம் குமாஸ்தாக்களுக்குத் தெரியும். மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்வார். "இப்படிப் போடு" என்பார். எழுத்தில் தரமாட்டார். பின்னால் தணிக்கையில் ஆட்சேபணை வந்தால், கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள். மெமோ குமாஸ்தாவுக்கு வரும். தொழிற்சாலையில் பழைய இயந்திரத்தை மாற்றித் தராமலே உற்பத்தி குறைந்தது ஏன் என்று தொழிலாளியைக் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பவன் மீது பழியைப் போடுவது உலக வழக்கம். அந்த வழக்கத்தால் அடிபட்ட நாமே, சனி ஞாயிறு வந்தால் அதே வழக்கத்தைக் கையில் எடுப்பது நியாயமா?

பலரும் அறியாத பாடு

வண்ணச் சட்டையும் பளபளக்கும் பூட்சும் போட்டுக்கொண்டு வரும் ஜாக்கியைப் பார்த்து, பணக்கார வாழ்க்கை என்று நினைக்கிறோம். உச்சியில் இருக்கும் சிலருக்கு அது உண்மை. மற்றவர்களுக்கு அப்படி அல்ல. எடை கூடிவிடக் கூடாது என்பதற்காக அரைப் பட்டினி கிடக்க வேண்டும். வியர்வை சிந்தி உடம்பில் உள்ள நீரை வற்ற வைக்க வேண்டும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். குதிரைகள் ஓடும்போது பக்கத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் வண்டியும் கூடவே ஓடுகிறது. தொழில் செய்பவன் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடுகிற தொழில் வேறு எத்தனை இருக்கின்றன?

இதைச் சொல்வதால் மோசடி செய்கிற ஜாக்கிக்கு நாம் பரிவு காட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். பாடுபடுவது வேறு, ஏமாற்றுவது வேறு. அனுமதியில்லாத புக்கிகள் ரகசியமாக நடத்தும் வியாபாரத்துக்கு ஒரு குதிரை தோற்பதில் லாபம் உண்டு. லாபம் இருக்கும் இடத்தில் ஆசை காட்டுபவரும் இருப்பார். ஆசைக்கு இரையாகிறவரும் இருப்பார். அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறோம். ஆனால் விலைக்கு வாங்கப்பட்டவனோடு விலை கொடுத்து வாங்கியவனும் பிடிபட வேண்டும். அது நடக்காதவரை, ஒரு ஜாக்கியைத் தண்டித்தால் அடுத்த ஜாக்கியைத் தேடிப் போவார்கள், அவ்வளவுதான்.

விசாரிப்பவர்களின் கடமை

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு குதிரையும் அதன் தகுதிக்கு ஏற்ப ஓட்டப்பட வேண்டும். வெற்றிக்காக, அல்லது கிடைக்கக்கூடிய சிறந்த இடத்துக்காக, நியாயமான எல்லா முயற்சிகளையும் ஜாக்கி செய்ய வேண்டும். செய்தாரா என்று பார்க்க ஸ்டூவர்டுகள் இருக்கிறார்கள். பல கோணங்களில் எடுத்த படம் இருக்கிறது. குதிரையின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஜாக்கியையும் டிரெயினரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கவும், உரிமத்தை நிறுத்தி வைக்கவும் அதிகாரம் இருக்கிறது.

இத்தனை இருந்தும் மைதானத்தில் அவநம்பிக்கை ஏன் தீரவில்லை? விசாரணை அறைக்குள் நடப்பது வெளியே நிற்பவனுக்குப் புரியும் விதத்தில் வந்து சேருவதில்லை. "விளக்கம் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி வரும், அதுவும் ஆங்கிலத்தில். என்ன விளக்கம், ஏன் ஏற்கப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வதந்தி வந்து உட்காருகிறது.

இதனால் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஃபேவரிட் குதிரை எதிர்பாராத விதமாகத் தோற்று விசாரணை நடந்தால், அதன் காரணங்களை முழுமையாக, எளிய நடையில், அந்த மாநில மக்களின் மொழியிலும் வெளியிட வேண்டும். பெங்களூரில் கன்னடத்தில் வெளியிட்டால் நம்மவர்களும் படித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, டிரெயினரும் சொந்தக்காரரும் ஜாக்கிக்கு இட்ட கட்டளை பந்தயத்துக்கு முன்பே பதிவாக வேண்டும். தவறு கட்டளையில் இருந்தால் தண்டனை கட்டளையிட்டவருக்கே போக வேண்டும்.

மூன்றாவது, விசாரணைக்கு உள்ளான பந்தயத்தின் படத்தை, மலிவுப் பகுதியில் இருப்பவர்களுக்கும் போட்டுக் காட்டி விளக்க வேண்டும். குதிரை வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் கண்டவன் ஜாக்கியைத் திட்டமாட்டான். கடிவாளத்தை இழுத்ததைக் கண்டால், அவனை யாரும் சமாதானப்படுத்தத் தேவையில்லை. ஸ்டூவர்டுகளே தண்டித்தாக வேண்டும்.

கல்லெறிவது தீர்ப்பு அல்ல

2019 நவம்பரில் பெங்களூர் மைதானத்தில் நடந்ததை நம் வாசகர்கள் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். பந்தயத்தின் நடுவில் குதிரைகள் விழுந்தன. அன்றைய மீதிப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. ஆத்திரம் கொண்ட ஒரு கூட்டம் அங்கிருந்த பொருள்களை அடித்து நொறுக்கியது. உடைத்தவர்களுக்கு அதனால் கிடைத்தது என்ன? விழுந்த ஜாக்கிகள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்?

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்திருக்கும் நாம் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். கலவரத்தில் கல்லை எறிந்தவன் ஓடிவிடுவான். அருகில் நின்றவன் அகப்பட்டுக்கொள்வான். ஸ்டேஷனில் பெயரும் ஊரும் கேட்பார்கள். வேலை போகும். ஊரிலிருந்து பெரியவர் யாராவது வந்து ஜாமீன் தேட வேண்டும். ஒரு குதிரை தோற்றதற்கு ஒரு குடும்பம் இவ்வளவு விலை கொடுக்கலாமா?

நம் பங்கு எவ்வளவு?

கடைசியாக, கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் அரசு சட்டம் கொண்டு வந்தது. குடும்பங்கள் அழிகின்றன என்ற கவலை அன்று பரவலாக இருந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல. குதிரையின் தகுதி, ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்கக்கூடிய திறமை விளையாட்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நல்லது. அப்படியானால் அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறதா என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் எடையைப் பார்க்கிறார்கள்? தூரத்தைப் பார்க்கிறார்கள்? டீக்கடையில் ஒருவர் காதோடு சொன்ன டிப்ஸை நம்பிச் சம்பளக் கவரைப் பிரிக்கிறவர்கள்தான் அதிகம். டிப்ஸ் சொன்னவர் தோற்ற பிறகு தலைமறைவாகிவிடுவார். அப்போது கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆள் ஜாக்கி.

கணக்கையும் பாருங்கள். டோட்டில் எல்லாரும் போடும் பணம் ஒரே தொட்டியில் சேருகிறது. அதில் கிளப்பின் கமிஷன் போகிறது. வரி போகிறது. மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்தின் முழு மதிப்பின் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்று சட்டம் உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 22-ல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. ஆகவே ஜாக்கி சேணத்தில் கால் வைப்பதற்கு முன்பே, கேட் திறப்பதற்கு முன்பே, பந்தயம் கட்டியவரின் பணத்தில் ஒரு பெரும் பகுதி போய்விடுகிறது. அதை எந்த ஜாக்கியும் இழுக்கவில்லை.

மாதம் ஒரு முறை சினிமாவுக்குச் செலவிடுவது போல, இழந்தாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற அளவில் பத்து இருபது வைத்துப் பார்ப்பவரிடம் நமக்குச் சச்சரவு இல்லை. அது அவருடைய பொழுதுபோக்கு. ஆனால் வாடகைப் பணத்தையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும், ஊரில் தாயாருக்கு அனுப்ப வேண்டிய தொகையையும் ஒரு குதிரையின் நான்கு கால்களில் கட்டுகிறவர் இருக்கிறார். மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவரும் இருக்கிறார். அவருக்கு ஜாக்கி நன்றாக ஓட்டினால் இந்த வாரம் தப்புவார். அடுத்த வாரம் அதே பணத்தோடு திரும்பி வருவார். அவருடைய நஷ்டத்துக்கு எந்த ஸ்டூவர்டு விசாரணை நடத்தினாலும், தீர்ப்பு அவர் வீட்டு வாசலில்தான் எழுதப்படும்.

ஜாக்கிக்குத் தண்டனை கிடைத்தாலும் நம் பணம் திரும்பாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பந்தய முடிவு உறுதியாகி, பணப் பட்டுவாடாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு விசாரணையில் என்ன தெரிந்தாலும் தோற்ற டிக்கெட்டு தோற்ற டிக்கெட்டுதான். ஜாக்கி ஓரிரு மாதம் வீட்டில் உட்காருவார். டிக்கெட்டு வாங்கியவர் கடன்காரருக்குப் பதில் சொல்வார்.

நான்கு கேள்விகள்

ஆகவே நம் வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த முறை ஒரு குதிரை தோற்று, "ஜாக்கிதான் இழுத்துவிட்டான்" என்று நாக்கு நுனிவரை வரும்போது, நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குதிரை இன்று சுமந்த எடை என்ன? இப்படி ஓட்டச் சொன்னவர் யார்? வழி இருந்தும் ஓட்டவில்லையா, வழியே இல்லையா? இதே ஓட்டத்தில் குதிரை ஜெயித்திருந்தால் நாம் கை தட்டியிருப்போமா?

இந்த நான்கையும் கேட்ட பிறகும் ஜாக்கி மீது சந்தேகம் நின்றால், அதை விசாரிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்து மூலம் கேளுங்கள். பலர் சேர்ந்து கேளுங்கள். நமது பத்திரிகையும் உங்களோடு சேர்ந்து கேட்கும். ஜாக்கியின் கையில் இருந்ததற்கு ஜாக்கி பொறுப்பு. டிரெயினர் கையில் இருந்ததற்கு டிரெயினர் பொறுப்பு. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் ஸ்டூவர்டுகள்.

ஆனால் சம்பளக் கவர் ஜாக்கியின் கையில் இருக்கவில்லை. அது நம் கையில் இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு யாரையும் நாம் கூண்டில் ஏற்ற முடியாது.